நகலாக்கமும் வாயில்லா ஜீவன்களும்

 

துபையில் பணிபுரியும் நம் ஊர்ப் பிள்ளைகள் விடுமுறையில் வரும்போது கூறும் புதினங்களுள் ஒன்று, அங்கு ஒட்டகங்களை நகலெடுக்கிறார்கள் என்பதாகும். அது மெய்யே. 2005இல் இறைச்சிக்காக அறுக்கப்பட்ட ஒட்டகத்தின் உயிரணுக்களைப் பாதுகாத்து, அவற்றிலிருந்து 2009 ஏப்ரலில் ‘இன்ஜாஸ்’ என்னும் குட்டியைப் பிறப்பித்தனர். அதே ஆண்டு பிப்ரவரியில் நம் நாட்டின் கர்னால் தேசியப் பால்வள ஆராய்ச்சி நிலையத்தில் நகலாக்கத்தால் பிறந்த ‘சம்ரூபா’ என்ற எருமைக்கன்று, ஒரு வாரம் நிறையுமுன் நுரையீரல் நோயால் மடிந்தது.

மனிதன் படைப்பாளனாகிவிட்டானோ என நம்மில் சிலர் கலங்குகின்றனர். கலங்க வேண்டியதில்லை. கருமுட்டையின் உட்கருவை நீக்கி, நகலெடுக்க வேண்டிய பிராணியின் உயிரணுவை அதனுள் சேர்த்து, மற்றொரு தாயின் கருப்பையில் வளர்க்கிறார்கள். முட்டையும் உயிரணுவும் கருப்பையும் அல்லாஹ்வின் படைப்புகளே. ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை 1997இல் இதனை ஆராய்ந்து, மனித நகலாக்கத்தைத் தடுத்தது. தாவரங்களிலும் பிராணிகளிலும் நன்மை கருதி, ஷரீஅத்தின் வரம்பிற்குள் அனுமதித்தது.

அந்த வரம்பு எது என்பதே நம் கேள்வி. 1996இல் ஸ்காட்லாந்தில் ‘டாலி’ என்னும் செம்மறி பிறந்ததை உலகம் கொண்டாடியது. ஆயின், 277 முட்டைகளில் தொடங்கி, 29 கருக்களை 13 தாயாடுகளின் வயிற்றில் வைத்ததில் ஒன்றே பிழைத்தது என்பதைப் பலர் அறியார். அத்தாயாடுகள் பட்ட பாட்டை யார் கணக்கிட்டார்கள்? பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியிட்ட பெண்ணின் கதியை நபிகள் நாயகம் (ஸல்) எச்சரித்ததை மதரஸாப் பிள்ளையும் அறியும். அழியும் இனத்தைக் காக்கச் செய்வது வேறு. ஒட்டக அழகுப் போட்டியில் பரிசு பெறச் செய்வது வேறு. பின்னதற்கு நியாயம் ஏதும் நமக்குத் தெரியவில்லை.

நம் மண்ணுக்கும் இதில் பங்குண்டு. ‘இராமநாதபுரம் வெள்ளை’ எனும் செம்மறி இனம் நம் மாவட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. கொழுத்த கிடா ஒன்றை ஆயிரமாக நகலெடுத்தால் ஆதாயம்போலத் தோன்றும். ஆனால் ஒன்றின் பலவீனமே அனைத்தின் பலவீனமுமாகும். கொள்ளைநோய் ஒன்று வந்தால் பட்டியே காலியாகலாம். கீதாரியின் கிடையிலோ, ஒன்று சாகும் நோயில் மற்றொன்று தப்பிப் பிழைக்கும்.

அத்தகைய ஆட்டைக் குர்பானி கொடுக்கலாமா என இளைஞர்கள் வினவுகின்றனர். வயதும் ஊனமின்மையும் இதற்கும் பார்க்கப்படும் என்றே எண்ணுகிறோம். எனினும் தீர்ப்பு ஆலிம் பெருமக்களுடையது. இவ்வினாவை எழுத்தில் வடித்து அவர்களிடம் சேர்ப்பிக்குமாறு நிர்வாகக் குழுவினரை வேண்டுகிறோம்.