அம்மாவிடம் ஒரு கேள்வி



லீனா மணிமேகலை நம்ம விருதுநகர் மாவட்டத்து மகாராஜபுரத்துக்காரர். 2007-இல் ‘தேவதைகள்’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார். ஒப்பாரி பாடும் பெண், கடலுக்குப் போய் மீன் பிடிக்கும் பெண், பிணங்களை அடக்கம் செய்யும் பெண், இந்த மூணு பேரோட வாழ்க்கைதான் படம். யாரும் நடிகை கிடையாது. நம்மைப் போல உழைக்கிறவங்க. அந்தப் படத்துக்கு மும்பை திரைப்பட விழாவில் விருது கிடைத்தது.

இதைக் கேட்டதும் எனக்கு எங்க அம்மா ஞாபகம் வந்தது. ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில், பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்குத் தார் சுற்றியே எங்களை வளர்த்தவர். போன மாசம் செல்போனை நீட்டி, “உங்க கதையைச் சொல்லுங்கம்மா” என்றேன். “எங்கிட்ட என்ன கதை இருக்கு?” என்றார். அப்புறம் அரை மணி நேரம் பேசினார்.

பத்தாவதோடு என் படிப்பை நிறுத்தியதற்கு இருபது வருஷமா அவர்மேல் கோபமா இருந்தேன். அப்பாவின் வைத்தியக் கடனுக்காக, சேர்க்கைக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு அன்னைக்கு ராத்திரி பூரா அழுதாராம். எனக்கு அது இப்பத்தான் தெரியும்.

சகோதரிகளே, படம் எடுக்கப் பணம் வேண்டாம். உங்க அம்மாகிட்டயோ மாமியார்கிட்டயோ ஒரு கேள்வி கேளுங்க. குறுக்கே பேசாம கேளுங்க.