பஜோல் தெருவில் ஒரு கொட்டகை

பாரிசில் லாச்சப்பல் மெத்ரோவில் இறங்கி மாணிக்க விநாயகர் கோயிலுக்குப் போகிறவர்களுக்குப் பஜோல் தெரு பழகின தெரு. 17ஆம் இலக்கத்தில் கோயில். கும்பிட்ட கையோடு திரும்பாமல் வடக்கே இன்னும் கொஞ்சம் நடந்து பாருங்கள். ரயில் பாதையோரம் ஒரு நீண்ட இரும்புக் கொட்டகை நிற்கும். 1926இல் ரயில் பொதிகளுக்காகக் கட்டியது. ஆல் பஜோல் என்பார்கள்.

பொதி வேலை ஓய்ந்தபிறகு, பாரிசில் இவ்வளவு காணி சும்மா கிடந்தால் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மாடிவீடுதான். அயலவர்கள் அப்படி நினைக்கவில்லை. சங்கமாகத் திரண்டு, கொட்டகையை இடிக்காதீர்கள், தெருவுக்குப் பொதுவானது ஏதாவது தாருங்கள் என்று நின்றார்கள். மாநகரசபை இணங்கியது. கட்டடக் கலைஞர் பிரான்சுவாஸ் எலேன் ஜூர்தா பழைய இரும்புக்குள்ளே மரத்தால் புதுக் கட்டடம் எழுப்பினார். 2013இல் இளைஞர் விடுதி திறந்தது. வாச்லாவ் ஹாவெல் நூலகம், ரோசா லக்சம்பர்க் தோட்டம், கூரையில் ஏறத்தாழ 3,500 சதுர மீற்றர் சூரியத் தகடுகள் என்று எல்லாம் சேர்ந்து வந்தன.

எனக்கு அந்தத் தோட்டம் பிடிக்கும். ஆனாலும் ஒரு கணக்கு உறுத்துகிறது. விடுதியில் 330 கட்டில், அத்தனையும் வந்துபோகிறவர்களுக்கு. சமூக வீட்டுக்கு மனுப்போட்டு வருடக்கணக்காகக் காத்திருப்பவர்கள் அயலவர் சங்கத்தின் கூட்டங்களில் எத்தனை பேர் பேசியிருப்பார்கள்? இரவு உணவகத்தில் கோப்பை கழுவுகிறவருக்கு மாலைக் கூட்டம் எப்படி வசதிப்படும்?

சட்டமும் இருப்பவர் பக்கம்தான் சாய்கிறது. கட்ட அனுமதி கிடைத்தால், 80 சென்ரிமீற்றருக்குக் குறையாத பலகை ஒன்றைத் தெருவில் தெரியும்படி மாட்டவேண்டும். அன்றிலிருந்து இரண்டு மாதத்துக்குள் அயலவர் நீதிமன்றம் போகலாம், தன் வீட்டின் பயன்பாட்டைப் புதுக் கட்டடம் பாதிக்கிறது என்று காட்டினால். வீடே இல்லாதவர் எதைக் காட்டுவது? உயரத்துக்கும் கட்டு உண்டு. மொன்பர்னாஸ் கோபுரம் எழுந்த சூட்டில் 1977இல் வைத்த 37 மீற்றர் எல்லையை, இடையில் தளர்த்தி, 2024இன் நகரத் திட்டத்தில் மறுபடி இறுக்கிவிட்டார்கள். அதே திட்டம் 2035க்குள் பாரிசின் வீடுகளில் நூற்றுக்கு 40 பொது வீடுகளாக வேண்டும் என்கிறது. மேலே ஏற விடாமல் எங்கே கட்டுவது? பழைய அலுவலகங்களை வீடாக்குவோம் என்கிறார்கள். ஆகட்டும்.

அதுவரை, வாடகைக்கு விடச் சட்டம் கேட்பது 9 சதுர மீற்றர்தான். அந்த அளவு அறையில் இரண்டு பேராக இருந்து எழும்பிய நம்மவர்கள் லாச்சப்பலில் குறைவா? அடுத்தமுறை கோயிலுக்குப் போகும்போது வழியில் கட்ட அனுமதிப் பலகை ஏதாவது கண்ணில் பட்டால், நின்று வாசியுங்கள். உயரமும் பரப்பளவும் அதில் எழுதியிருக்கும்.