வியட்நாம்: மீறப்பட்ட ஒப்பந்தங்களும் முப்பது ஆண்டுப் போரும்

(சங்கத்தின் தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவியர் வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



வியட்நாம் போர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது அமெரிக்க விமானங்களும் குண்டுகளும்தான். அமெரிக்கப் போர்ப்படை அங்கு கரையிறங்கியது 1965இல். ஆனால் அந்தப் போரின் வேர் அதற்கு நூறு வருடம் முந்தியது. அது ஓடிய இடங்களில் ஒன்று, நம்மைப் போன்ற தோட்டத் தொழிலாளர்கள் வாழ்ந்த குடியிருப்புகள். அதனால்தான் இன்று இதைப் பேசுகிறோம்.

பிரான்ஸ் 1858இல் டா நாங் துறைமுகத்தைத் தாக்கியது. அடுத்த வருடம் சைகோனைப் பிடித்தது. 1887இல் வியட்நாமையும் கம்போடியாவையும் சேர்த்து இந்தோசீனா என்று பெயர் வைத்தது. லாவோஸ் பின்னர் சேர்ந்தது. உப்பும் சாராயமும் அபினும் ஆட்சியாளர்களின் ஏகபோகமாயின. தெற்கே செம்மண் நிலத்தில் இறப்பர் நட்டார்கள். ஆட்களை வடக்கின் ஏழைக் கிராமங்களிலிருந்து கப்பலில் ஏற்றி வந்தார்கள். முன்பணம் கொடுத்து, மூன்று வருட ஒப்பந்தத்தில் பிடித்தார்கள். கங்காணியும் துண்டு முறையும் கண்ட பரம்பரை நாம். இதற்கு மேல் நமக்கு விளக்கம் தேவையில்லை.

அந்த ஒப்பந்தத்தில் அரிசியும் மருத்துவமும் எழுதியிருந்தது. கிடைத்ததோ பிரம்படியும் மலேரியாவும். 1930 பெப்ரவரியில் பூ ரியெங் என்ற இடத்தில், மிஷெலின் கம்பனியின் தோட்டத்தில், தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். என்ன கேட்டார்கள்? அடிக்கக் கூடாது. எட்டு மணி நேர வேலை. பிரசவ விடுமுறைக்குச் சம்பளம். விபத்துக்கு நட்டஈடு. இவ்வளவுதான். வந்தது இராணுவம். தலைவர்கள் தீவுச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் டிரான் டு பின். இந்தத் தோட்டத் தொழிலாளிதான் பின்னாளில் வியட்நாம் மக்கள் படையில் ஜெனரல் ஆனார். எட்டு மணி நேரம் கேட்டவரைச் சிறையில் போட்டார்கள். அவர் நாட்டையே கேட்பவராக வெளியே வந்தார்.

மேலேயும் இதே கதைதான். முதலாம் உலகப் போர் முடிந்து 1919இல் பாரிசில் சமாதான மாநாடு கூடியபோது, பின்னாளில் ஹோ சி மின் ஆன இளைஞரும் அவரது தோழர்களும் ஒரு மனுக் கொடுத்தார்கள். அதில் விடுதலை கூடக் கேட்கவில்லை. பத்திரிகை நடத்தவும் சங்கம் சேரவும் உரிமை, சட்டத்தின் முன் சமத்துவம் என்றுதான் கேட்டார்கள். பதிலே இல்லை.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் படை புகுந்தது. 1944, 45இல் வடக்கில் பெரும் பஞ்சம். 1945 செப்டெம்பர் 2இல் ஹனோயில் ஹோ சி மின் சுதந்திரப் பிரகடனம் செய்தபோது, பட்டினியால் 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்ததாகச் சொன்னார். ஆனால் அதே மாதம் தெற்கில் இறங்கிய பிரித்தானியப் படை, பிரான்ஸ் மீண்டும் ஆட்சிக்கு வர வழிவிட்டது. அந்தப் படையில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் இந்தியச் சிப்பாய்கள்.

அப்போதும் சமாதானத்துக்கு வழி இருந்தது. 1946 மார்ச் 6இல், வியட்நாமைத் தன்னாட்சி அரசாக ஏற்பதாகவும், தெற்கு யாரோடு சேர்வது என்பதை மக்கள் வாக்கெடுப்பு தீர்மானிக்கும் என்றும் பிரான்ஸ் கையெழுத்திட்டது. மூன்று மாதம் போகவில்லை. இறப்பர்த் தோட்டங்கள் இருந்த தெற்கை, பிரெஞ்சு உயர் ஆணையாளர் தனிக் குடியரசாக அறிவித்தார். நவம்பரில் பிரெஞ்சுக் கப்பல்கள் ஹைபோங் நகரின் மேல் குண்டு வீசின. டிசம்பரில் முழுப் போர்.

1950இல் சீனாவும் சோவியத் யூனியனும் ஹோ சி மின் அரசை ஏற்றன. அமெரிக்கா பிரான்சின் பக்கம் நின்றது. 1954 ஆகும்போது பிரான்சின் போர்ச் செலவில் பெரும் பகுதி அமெரிக்கப் பணம். ஒரு நாட்டின் விடுதலைப் போராட்டம் வல்லரசுகளின் சண்டையானது இப்படித்தான்.

அந்த வருடம் ஏப்ரல் கடைசியில் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேசியா, இலங்கை ஆகிய நாடுகளின் பிரதமர்கள் கொழும்பில் கூடி, இந்தோசீனாவில் போரை நிறுத்தச் சொன்னார்கள். அதே வருடம் ஜனவரியில்தான் நேருவும் கொத்தலாவலையும் நம்மைக் கேட்காமலே நம்மைப் பற்றி ஒப்பந்தம் செய்திருந்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

மே 7இல் டியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. ஜூலையில் ஜெனீவாவில் போர்நிறுத்தம் கையெழுத்தானது. நாடு தற்காலிகமாக இரண்டாகப் பிரிந்தது. இரண்டு வருடத்தில் பொதுத் தேர்தல் என்ற வாக்குறுதி இறுதிப் பிரகடனத்தில் இருந்தது. தோழர்களே, இதைக் கவனியுங்கள்: அந்தப் பிரகடனத்தில் எவரும் கையெழுத்து வைக்கவில்லை. 1956 வந்தது. அமெரிக்க ஆதரவுடன் தெற்கை ஆண்ட ங்கோ டின் டியெம் தேர்தலை மறுத்தார். 1960இல் தெற்கில் விடுதலை முன்னணி உருவானது. 1965இல் அமெரிக்கப் படை இறங்கியது. போர் லாவோசுக்கும் கம்போடியாவுக்கும் பரவியது. 1975 ஏப்ரல் 30இல்தான் சைகோன் வீழ்ந்து போர் முடிந்தது. 20 இலட்சம் பொதுமக்களும் 11 இலட்சம் போராளிகளும் இறந்ததாக வியட்நாம் அரசு 1995இல் கணக்குச் சொன்னது. அமெரிக்கர் 58,000 பேருக்கு மேல்.

பிரம்படியை நிறுத்தச் சொன்ன நாளில் நிறுத்தியிருந்தால், மனுவைப் படித்திருந்தால், மார்ச் ஒப்பந்தத்தைக் காத்திருந்தால், தேர்தலை நடத்தியிருந்தால், எங்கேயாவது ஓர் இடத்தில் இது நின்றிருக்கலாம். கேட்டவர்கள் பொறுமை இழந்ததால் அல்ல, கொடுக்க வேண்டியவர்கள் சொல் மாறியதால் போர் வளர்ந்தது.

நமக்கு இதில் பாடம் உண்டு. எழுதிய வாக்குறுதியும் காவல் இல்லாவிட்டால் வெறும் காகிதம். சம்பளமோ, வீடோ, காணி உறுதியோ, எந்த ஒப்பந்தம் வந்தாலும் மூன்று கேள்வி கேட்போம்: கையெழுத்து யாருடையது? எந்தத் திகதிக்குள்? மீறினால் என்ன செய்வது? ஒப்பந்தத்தைத் தலைவர்களின் அலுமாரியில் பூட்டி வைக்காமல், லயம் லயமாக வாசித்துக் காட்டுவோம். பிள்ளைகளுக்கும் படித்துக் கொடுப்போம். எல்லோரும் அறிந்த ஒப்பந்தத்தை மீறுவது எவருக்கும் சுலபமில்லை.