கூட்டம் நம்ம தெருவுல நடக்கட்டும்
(மன்னவனூரில் பேசியதன் எழுத்து வடிவம்)



பூண்டுக்காட்டுக் கூலியை விட்டுட்டு வந்து உட்கார்ந்திருக்கீங்க. வைத்தியம் சொல்லித்தர நான் டாக்டரில்லை, வங்கியில் கணக்கு எழுதுகிறவன். ஒரு கணக்கைத்தான் சொல்ல வந்தேன்.

ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் ஆதிவாசிகள் அதிகம் வாழும் மூன்று மாவட்டங்களில் 2005 முதல் 2008 வரை 'ஏக்ஜுட்' என்ற அமைப்பு மாதாமாதம் பெண்களைக் கூட்டியது. நடத்தியவள் அந்த வட்டாரத்துப் பெண்தான். படம் காட்டி, கதை சொல்லி, நம்ம ஊர்ல பிள்ளைங்க ஏன் சாகுதுன்னு பேசவிட்டாள். என்ன செய்வதென்று அவர்களே முடிவெடுத்தார்கள். முடிவு 2010-இல் 'லான்செட்' இதழில் வந்தது. குழுக்கள் நடந்த பகுதிகளில் பிறந்து 28 நாளுக்குள் இறக்கும் குழந்தைகள் 32 சதவீதம் குறைவு. ஆக அடித்தட்டில் கிடந்தவர்களுக்கே பலன் கூடுதல் என்று பின்னால் தெரிந்தது.

அங்கே அப்போது பிரசவம் பெரும்பாலும் வீட்டில் நடந்தது. நமக்கு ஆஸ்பத்திரியில். சரி, பச்சைப்பிள்ளையோட பஸ் ஏறி இந்தக் குளிருக்கு வந்து சேர்ந்த பிறகு? பிள்ளையைத் தாயின் வெற்று நெஞ்சோடு அணைத்துப் போர்த்தணும். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டக்கூடாது. இரண்டு மாதத்துக்குள்ள பிள்ளை நிமிஷத்துக்கு 60 மூச்சு, அதுக்கு மேல இழுத்தால் உடனே கிளம்பணும். எண்ணுவதற்குச் செலவென்ன?

மகளிர் குழுவில் ஒருத்தி தவணை தவறினால் பத்துப் பேர் வாசலில் போய் நிற்கிறோம். அவள் பிள்ளைக்கு மூச்சு வாங்கும்போது அந்தப் பத்துப் பேர் எங்கே? எங்க வங்கிப் படிவத்திலும் அந்தக் கேள்விக்குக் கட்டமில்லை.

இதைச் சாக்காக வைத்து அரசு கழன்றுகொள்ள விடக்கூடாது. 1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் அம்பேத்கர் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். நர்ஸ் வரணும், சத்துமாவு வரணும், பிள்ளை பெற்றவளுக்குப் பணம் வரணும். அதைக் கேட்கவும் இந்தப் பத்துப் பேர் வேணும்.

இன்னொன்று. மகாராஷ்டிரத்து ஜாம்கேட்டில் 1970-இல் ஆரோளே டாக்டர் தம்பதியர் வேலை தொடங்கினார்கள். எழுத்தறியாத பெண்களையும் சுகாதாரப் பணியாளராக்கினார்கள். தலித் பெண்களும் அதில் உண்டு. குடிநீருக்குக் குழாய்க்கிணறு போட்டபோது தலித் குடியிருப்பில் போடும்படி பார்த்துக்கொண்டார்கள். தாகம் சாதியை இழுத்துக்கிட்டு வந்தது.

அதனால் முதல் கூட்டம் காலனியில். ஊர்ப் பெண்களையும் கூப்பிடுவோம். ஒரே பாயை விரிப்போம். டீ மட்டும் நம்ம வீட்டு அடுப்புல போடணும்.