எல்லைப்புறப் பள்ளிகளும் தலைமை பற்றிய ஆய்வும்



பள்ளித் தலைமை பற்றி இன்று வழங்கும் கருத்துகளில் பெரும்பகுதி, ஆங்கிலம் பேசும் மேலை நாடுகளின் ஆய்வுகளிலிருந்து பிறந்தவை. தலைமையாசிரியரின் பணியை மதிப்பிடப் பரவலாகப் பயன்படும் வினாப்பட்டியல் ஒன்றை, பிலிப் ஹாலிங்கர் 1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் உருவாக்கினார். பண்பாட்டுச் சூழலைக் கருதாத ஆய்வு குறையுடையது எனப் பின்னர் வலியுறுத்தியோருள் அவரும் ஒருவர். நம் நாட்டிலும் பள்ளித் தலைமைக்கான தேசிய மையம் 2012இல் அமைந்துள்ளது. ஆகவே, எந்த அளவுகோலால் அளப்பது என்பது நமது வினாவும் ஆகும்.

இதற்குக் கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லைப் பகுதிகளை எடுத்துக்கொள்வோம். சித்தூர் வட்டத்துச் சமவெளியில் தமிழ் பேசும் உழவர்கள் வாழ்கின்றனர். அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் வாழ்கின்றனர். மூணாறு தேயிலைத் தோட்டங்களில் தமிழகத்திலிருந்து குடியேறிய தொழிலாளர்களின் வழிவந்தோர் உள்ளனர். 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அமைந்த இடமலக்குடியில் முதுவர் வாழ்கின்றனர்.

மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெறும் வசதி வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 350அ பிரிவு. 1956இல் சேர்க்கப்பட்ட பிரிவு இது. மறுபுறம், மலையாளத்தைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்கும் சட்டம் 2017இல் கேரளத்தில் இயற்றப்பட்டது. இவ்விரண்டையும் ஒரே வகுப்பறையில் இணக்கப்படுத்தும் பொறுப்பு, தமிழ்வழிப் பள்ளியின் தலைமையாசிரியருடையது. பெருநகரப் பள்ளிக்கென எழுதப்பட்ட வினாப்பட்டியலில் இப்பணிக்கு இடமில்லை.

மலைக் குடியிருப்புகளில் நிலைமை இன்னும் வேறுபட்டது. 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய ஓராசிரியர் மையங்களில், பல வகுப்புகளுக்கும் ஒருவரே ஆசிரியர், நிர்வாகியும் அவரே. 2022இல் அம்மையங்கள் மூடப்பட்டன. ஆசிரியர்களில் பலருக்குப் பள்ளிகளில் பகுதிநேரத் துப்புரவுப் பணியே வழங்கப்பட்டது. காட்டுவழி நடந்து பெற்றோரின் நம்பிக்கையை ஈட்டிய ஒருவரது ஆற்றலுக்குப் பதவி அட்டவணையில் பெயரில்லை. பெயரில்லாததற்கு மதிப்பும் கிட்டுவதில்லை.

தலைமை என்னும் கருத்தே இம்மக்களுக்குப் புதிதன்று. அட்டப்பாடி இருளர் ஊர்களில் மூப்பன், குறுதலை, பண்டாரி, மண்ணுக்காரன் எனப் பொறுப்புகள் மரபாகவே பகிரப்பட்டுள்ளன. பகிர்ந்த தலைமையை மேலை நூல்களில் தேடும் ஆய்வாளர், அதை இங்கேயும் காணலாம்.

சராசரி என்பது ஏற்றத்தாழ்வுகளை மறைக்கவல்லது என்பதைப் பொருளியல் பயின்றோர் அறிவர். மாவட்டத்தின் சராசரிப் பள்ளியில் சித்தூரும் இல்லை, இடமலக்குடியும் இல்லை. ஆதலால் ஆய்வாளர்கள் மூன்றைக் கருத்திற்கொள்ளல் வேண்டும். சிறிய, தொலைதூரப் பள்ளிகளுக்கு மாதிரித் தேர்வில் தனி இடம் தருதல் வேண்டும். வினாக்களை அவ்வப்பகுதி மக்களின் மொழியிலேயே கேட்டல் வேண்டும். பள்ளிச் சுவருக்கு வெளியே நிகழும் உழைப்பையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

ஆய்வு முடிவுகளைக் கொண்டே பயிற்சியும் பதவி உயர்வும் நிதியும் திட்டமிடப்படுகின்றன. ஆய்வில் இடம்பெறாத பள்ளி, திட்டத்திலும் இடம்பெறாமல் போகும். அதன் விளைவைச் சுமப்பவர்கள் அப்பள்ளியின் குழந்தைகளே.