முரசு நோயும் இழந்த என்பும்



பல் வலித்தால் வைத்தியரை நாடாதவர் இலர். ஆனால், முரசு நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. பல் துலக்கும்போது சிறிது இரத்தம் கசியும், வாய் நாறும், அவ்வளவே. ஒரு நாள் பல் ஆடத் தொடங்கிய பின்னரே, அதனைத் தாங்கி நின்ற தாடை என்பு பல்லாண்டுகளாகக் கரைந்து வந்தமை தெரிகின்றது.

இந்நோயின் போக்கை உலகம் அறிவதற்கு நம் நாட்டுத் தோட்டத் தொழிலாளர் பேருதவி புரிந்துள்ளனர். நோர்வே அறிஞர் ஹரால்ட் லோவும் அவருடைய தோழர்களும், 1970ஆம் ஆண்டு தொடக்கம் 480 தேயிலைத் தோட்டத் தொழிலாளரைப் பல்லாண்டுகள் பரிசோதித்து, 1986இல் முடிவுகளை வெளியிட்டனர். வழமையான பற்சுத்த முறைகளைக் கைக்கொள்ளாத அவர்களுள், நூற்றுக்கு 8 பேருக்கு நோய் விரைந்து முற்றியது. 81 பேருக்கு மிதமாக முற்றியது. 11 பேருக்கோ முரசு வீக்கத்துக்கு அப்பாற் செல்லவில்லை. ஆகவே, அயலவரின் பல்லைப் பார்த்து நாம் ஆறுதல் கொள்ளுதல் தகாது.

கரைந்த என்பு மீண்டும் வளருமா? நோயுற்ற இடத்தைச் சுத்தஞ் செய்தால் புண் ஆறும். ஆயினும், முரசின் மேற்றோற் கலங்கள் விரைந்து வளர்ந்து, பல்வேர் வழியே கீழிறங்கி, அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பல்லையும் என்பையும் பிணைக்கும் நாரிலுள்ள கலங்களோ மெதுவாக வளர்வன. களை முந்திக்கொண்டால் நாற்றுக்கு இடமேது?

சுவீடன் நாட்டில் நிமன், லிண்டே, கறிங் முதலிய அறிஞர் இதற்கு ஒரு வழி கண்டனர். 1982இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒருவரது கீழ்த்தாடை முன்பல்லின் வேருக்கும் முரசுக்கும் இடையே மெல்லிய வடிகட்டுந் தாளொன்றை வேலியாக வைத்துத் தைத்தனர். மூன்று மாதங்களின் பின் ஆராய்ந்தபோது, வேரின்மீது புதிய நார்ப்பிணைப்பு உண்டாகியிருந்தது.

இன்று, தானே கரைந்துபோகும் மென்சவ்வுகள் பயன்படுகின்றன. வேண்டுமிடத்து, பள்ளத்தினுள் என்புத் துகளும் இடப்படும். இவற்றுட் பல மாடு, பன்றி ஆகியவற்றிலிருந்து பெறப்படுவன. சமய நெறியால் அவற்றை ஏற்காதவர் முன்னரே வைத்தியரிடம் கேட்டறிதல் நன்று.

எனினும், இச்சிகிச்சை எல்லோர்க்கும் பொருந்தாது. சுற்றிலும் என்புச் சுவர் நிற்கும் ஒடுங்கிய பள்ளம் நன்கு நிரம்பும். குளத்து நீர் வற்றியதுபோல என்பு முழுவதும் ஒரேயளவாகத் தாழ்ந்திருந்தால், அதனை உயர்த்துவது அரிது. புகைபிடிப்போரிடத்தும் நீரிழிவைக் கட்டுப்படுத்தாதவரிடத்தும் பயன் குறையும். சத்திர சிகிச்சைக்குப் பின் வாயைத் தூய்மையாகப் பேணாவிடின், வளர்ந்ததும் மீண்டும் அழியும்.

ஆகவே நேயர்களே, பல் ஆடுகின்றதென்று உடனே பிடுங்குவித்து விடாதீர்கள். காப்பாற்ற இயலுமா என்று முதலிற் கேளுங்கள். அதனினும் மேலாக, இரத்தம் கசியும் அன்றே பல்வைத்தியரிடம் செல்லுங்கள். இழந்த என்பைச் சிறிது மீட்கலாம். இழவாமற் காப்பதோ எளிது.