கல்லும் களிமண்ணும்: பசிலிகாத்தா

வரைபடத்தில் இத்தாலி ஒரு காலணியைப் போலத் தெரியும். அதன் குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் நடுவே, உள்ளங்கால் வளைவில் இருக்கிறது பசிலிகாத்தா. பழைய பெயர் லுக்கானியா. பரப்பு சுமார் 10,000 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஐந்தரை லட்சத்துக்கும் குறைவு. நிலத்தில் பத்தில் ஒரு பங்குகூடச் சமவெளி இல்லை. டஸ்கனிக்குப் போகும் கூட்டம் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அமைதியை விரும்புகிறவர்களுக்கு அது வசதிதான்.

வடக்கே வுல்துரே, அணைந்துபோன எரிமலை. நெருப்பு கக்கிய வாயில் இன்று இரண்டு சிறு ஏரிகள். அதன் சரிவுகளில் அலியானிக்கோ என்னும் கருந்திராட்சை விளைகிறது. தெற்கே பொல்லினோ மலைத்தொடர் 2,000 மீட்டருக்கு மேல் எழுகிறது. அங்குள்ள பைன் மரங்களின் பட்டை, கவசத் தகடுகள்போல வெடித்திருக்கும். பட்டுப்போன மரங்களும் சாய்வதில்லை. வெளுத்த எலும்பாக நின்றுகொண்டிருக்கும்.

கிழக்கே நிலம் வேறாகிறது. மழை அரித்து அரித்து, களிமண் குன்றுகள் மடிப்பு மடிப்பாகக் கிடக்கின்றன. அந்த மண்ணை நம்பிக் கட்டிய கிராக்கோ என்ற ஊரில் நிலம் சரிந்ததால், 1963 முதல் மக்கள் வெளியேறினார்கள். குன்றின்மேல் வெறும் சுவர்களும் கோபுரமும் மிஞ்சின. இதே களிமண் குன்றுகளிடையே உள்ள அலியானோ என்ற ஊரில்தான் முசோலினி அரசு ஓவியர் கார்லோ லேவியை 1935-இல் கட்டாயமாகக் குடியிருக்க வைத்தது. அந்த ஊரின் வறுமையை அவர் 1945-இல் நூலாக வெளியிட்டார். அவரது கல்லறையும் அங்கேயே இருக்கிறது.

களிமண் ஊரைப் பறித்தது என்றால், சுண்ணாம்புக்கல் ஊரைக் கொடுத்தது. மத்தேராவில் பள்ளத்தாக்கின் மென்பாறையைக் குடைந்தே வீடுகள் அமைத்தார்கள். ஒரு வீட்டின் கூரை இன்னொரு வீட்டின் தெருவாகும். மழைநீரைப் பாறைக்குள் வெட்டிய தொட்டிகளில் சேமித்தார்கள். பிறகு நெரிசல் மிகுந்தது. மனிதரும் கழுதையும் ஒரே அறையில் வாழ, மலேரியாவும் சேர்ந்துகொண்டது. 1952-இல் சட்டம் இயற்றி, சுமார் 15,000 பேரைப் புதுக் குடியிருப்புகளுக்கு மாற்றினார்கள். நாட்டின் அவமானம் எனப்பட்ட அதே குகைகள் 1993-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. 2019-இல் மத்தேரா ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரானது.

அந்நாளில் மத்தேராவின் பொது அடுப்பில் ரொட்டி சுடக் கொடுக்கும் வீடுகள், மாவின்மேல் தத்தம் மர முத்திரையைப் பதித்து அனுப்பும். யாருடைய ரொட்டி என்ற சண்டைக்கே இடமில்லை. செனிசே ஊரில் சிவப்புக் குடைமிளகாயை மாலையாகக் கோத்து வெயிலில் காயவைப்பார்கள். அந்த வற்றலை எண்ணெயில் ஒரு கணம் பொரித்தெடுத்தால் மொறுமொறுவென்று நொறுங்கும்.

இந்த மண்ணுக்குக் கடல் இரண்டு பக்கம். மேற்கே மராத்தேயாவில் மலை செங்குத்தாகத் தண்ணீரில் இறங்குகிறது. கிழக்கே, பிதாகரஸ் இறந்ததாகச் சொல்லப்படும் மெத்தபோந்தோவில் தட்டையான மணற்கரை. அதற்குச் சற்று உள்ளே, கிரேக்கர் எழுப்பிய ஹேரா கோயிலின் 15 தூண்கள் இன்னும் நிற்கின்றன.